சோதனைத் துண்டு

கஸ்தூரியார் வீதியில், நகைக்கடைகள் முடிகிற பக்கம்,
மாடியில் ஏ.சி. போட்ட பிறின்ற் கடை.
ஏ.சி. ஆட்களுக்கில்லை, தாளுக்கு.
பருத்தித் தாள். முந்நூற்றுப் பத்து கிராம்.
கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த உருளையை
ஒரு நாள் முழுக்க அடிக்காமல் வைத்திருந்தான் ரெஜினோல்ட்.
"இந்த ஊர்க் காத்து பழகட்டும் அக்கா,
இல்லாட்டி ஓரம் சுருளும்."

படிவத்தில் கேள்விகள்:
அகலம். உயரம். வெள்ளை ஓரம் எத்தனை அங்குலம்.
பிரதிகள்: இருபத்தைந்து.
மை: நிறமி, சாயமல்ல.
கண்ணாடிக்குப் பின்னால், வெயில் நேரே படாமல்,
நூறு வருடம் என்கிறது பெட்டியில் ஒட்டிய சீட்டு.
நூறு வருடம் ஆர் இருந்து பார்த்தது என்று கேட்டேன்.
"லைற்றுக்குக் கீழ வைச்சுக் கணக்குப் பார்க்கிறவை" என்றான்,
சிரிக்காமல்.

என் ஓவியம் பண்ணைக் கடல், வற்று நேரம்.
சேறும் அல்லாத நீரும் அல்லாத ஒரு நிறம்;
அதைக் கலக்க எனக்கு இரண்டு மாரி பிடித்தது.
திரையில் அது நீலமாக நின்றது.
முதல் துண்டு பச்சை. இரண்டாவது, கழுவின சிலேற்று.
மூன்றாவதை யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பிடித்தேன்.
கிட்ட வந்திருந்தது.
கிட்ட என்றால், ஒரே வீட்டு இரண்டு பேரின் குரல் மாதிரி.

பெருப்பித்தபோது
வானத்தின் வலப்பக்கம் ஒரு கறுப்பு மயிர்.
இன்னும் பெருப்பித்தான்: நுளம்பின் கால்.
ஈரத்தில் இருந்துவிட்டு, காலை விட்டுவிட்டுப் பறந்திருக்கிறது.
"எடுக்கட்டே?"
எடு என்றேன். தூசி, துணி நூல், எல்லாம் எடு.
ஒரு சொடுக்கில் வானம் துப்புரவானது.

அப்போதுதான் அந்தப் பெடியன் வந்தான்,
ஹெல்மெற்றைக் கழற்றாமல்.
இரண்டு மணிக்கு எடுக்கினம். கண்ணீர் அஞ்சலி,
ஆறுக்கு நாலு பனர் ஒன்று, சுவரொட்டி முப்பது.
என் நூறு வருடம் ஒரு பக்கத்துக்கு நகர்ந்தது.
பக்கத்து மெசின் விழித்தது,
அடுத்த மழைக்கு முதல் வெளுக்கிற மையோடு.

படம் வாட்சப்பில் வந்தது. ஆரோ கலியாணத்தில் எடுத்தது.
பெருப்பிக்க முகம் சதுரம் சதுரமாக உடைந்தது.
பின்னாலிருந்த வாழையை வெட்டினான் ரெஜினோல்ட்,
பிளாஸ்ரிக் கதிரையை வெட்டினான்,
தோளில் ஒரு கை. நாலு விரல், ஒரு காப்பு.
"இதையும் எடுக்கட்டே?"
பெடியன் திரையைப் பார்த்தான்.
"அது அம்மான்ர. விடுங்கோ."
ஆளில்லாத கையோடு,
நீல மேகமும் வெள்ளைப் புறாவும் இருந்த பழைய வார்ப்பில்
அந்த மனிதர் வெளியே வந்தார்.
மை காய முதல் சுருட்டி
மோட்டார் சைக்கிளில் குறுக்கே வைத்துக் கொண்டுபோனான்.

ரெஜினோல்ட் கை கழுவி, வெள்ளைக் கையுறை போட்டு
என் தாளின் நுனியைப் பிடித்தான்.
அடிக்கட்டே என்றான்.
பொறு என்றேன். பின்னுக்குப் போ. இன்னும். இன்னும் ஒன்று.
வானத்தில் கால் திரும்ப வந்தது.
"பழுதெண்டு நினைப்பினம்."
நினைக்கட்டும்.

பிறகு கரண்ட் போனது.
மெசின் பாதி வானத்தில் நின்றது.
அந்தத் தாளும் என் கணக்கு என்று
அவன் வாயால் சொல்லவில்லை; பில்லில் இருந்தது.

இருபத்தைந்திலும்
கீழ் ஓரத்தில் பென்சிலால் எண் போட்டேன்.
பென்சில்தான் நிலைக்குமாம். பேனா மங்கும்.