ரப்பர்ச் சோறு

ஓல்டன் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
உணவு ஆலோசகி ஃபிராவ் விட்மர்
மேசை லாச்சியைத் திறந்து
ஒரு கைப்பிடிச் சோற்றை எடுத்து வைத்தாள்.
ரப்பர்.
பருக்கை பருக்கையாய், ஒட்டாமல்,
தவமலருக்கு ஒருநாளும் வாய்க்காத பதத்தில்.

"ஒரு நேரத்துக்கு இவ்வளவுதான்,
ஹெர் குணபாலசிங்கம்."
என் பெயரை அவள் ஏறி இறங்கி முடிக்கும் வரை
அதையே பார்த்திருந்தேன்.
உப்புப் பார்க்க நான் எடுக்கும் அளவு.

வழக்கமாய் எவ்வளவு சாப்பிடுவீர்கள் என்றாள்.
எனக்கு கிராம் தெரியாது.
இரண்டு கையையும் குவித்துக் காட்டினேன்.
காட்டும்போதே
கொஞ்சம் தாழ்த்தியும் விட்டேன்.

இரவில் ரயில் கழுவுகிறவன் நான்.
பாதி கடித்த சொக்லேட், பிரிக்காத பிஸ்கற்,
ஆசனங்களுக்கிடையில் எல்லாம் அகப்படும்.
ஒருக்கால் ஒரு முழுக் கேக்.
'லேனாவுக்கு 7' என்று
இளஞ்சிவப்பில் எழுதியிருந்தது.
விடியும்வரை ஒருவரும் தேடி வரவில்லை.
தும்புத்தடிகளைச் சாய்த்து வைத்துவிட்டு
மூன்று பேர் நின்றபடி சாப்பிட்டோம்.
ஏழு வயதில் நான் இரண்டு துண்டு.
பதினாலு தசம் ஒன்று என்றது மெசின்.

பிறகு சனிக்கிழமைகள்.
கல்யாணம், சாமத்தியவீடு, அறுபதாம் கல்யாணம்.
கேசரிக் கரண்டியோடு யாராவது குனிவார்கள்:
"ஒரு நாளைக்கு ஒண்டும் செய்யாது அண்ணை."
வைகாசியிலிருந்து எண்ணினேன்.
ஆவணி முடிய
இருபத்தொரு ஒரு நாள்.

தவமலர் மிக்ரோவில் தராசு வாங்கி வந்தாள்.
இரவுச் சாப்பாட்டுக்குக் குரக்கன் புட்டு, அளந்து.
கோவாச் சுண்டல், அளக்காமல்.
தானும் அதையே சாப்பிட்டாள்,
சோற்று வாசமே இல்லாத வீட்டில்
எதிரே இருந்து,
எனக்குப் பழகிவிட்டது என்றும் சொன்னாள்.

போன கிழமை, வேலைக்கு இறங்கிப்
பாதி வழியில் அடையாள அட்டை ஞாபகம் வந்து
திரும்பி ஏறினேன்.
குசினியில், லைற் போடாமல்,
சிங்க் அருகே நின்றபடி
சட்டியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.
வெள்ளைச் சோறு. சூரைமீன் குழம்பு.
ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது,
மாசி மாதத்தில்.

கையில் எடுத்த கவளம் கையிலேயே நின்றது.
கள்ளனைப் பிடித்தவன் மாதிரி
நானும்தான் நின்றேன்.
சாப்பிடு என்றேன். வேறென்ன சொல்ல?

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.
பிறகு அந்தக் கவளத்தை
உருட்டி, இன்னும் உருட்டி,
தராசில் வைத்தாள்.
முப்பத்தெட்டு.
ஓரத்தில் கொஞ்சம் கிள்ளினாள்.
முப்பத்தைந்து.
"இந்தாங்கோ."

கொப்பியில் குறித்தேன்:
இரவு 9.40. சோறு. 35 கிராம்.
குழம்பை எழுதவில்லை.

பஸ் போய்விட்டது.
பனியில் ஸ்டேஷன் வரை நடந்தேன்.
சாப்பிட்டபின் நடக்கவேண்டும் என்றும்
அந்தத் தாளில் இருந்தது.