குள

வடசேரியில் வண்டி நகர ஆரம்பித்தபோது
"குள..." என்றேன்.
மிச்சச் சொல்லை ஹாரன் தின்றுவிட்டது.
நடத்துநர் ஏசுவடியான் இரண்டெழுத்தே போதும் என்று
மகளிர் சீட்டைக் கிழித்துத் தந்தார்.
பெண்களுக்குக் கட்டணம் கிடையாது.
ஆக, அந்தத் தவறுக்கு நான்
ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை.

தருமபுரியிலிருந்து இரவெல்லாம் உட்கார்ந்து
கடலுக்காக வந்தவள்.
கைபேசியில் குறித்திருந்தேன்:
குளச்சல். சூரியன் விழும் நேரம்
ஆறு இருபத்தொன்று.

பார்வதிபுரம் மேம்பாலத்தில் எட்டிப் பார்த்தேன்.
மொட்டைமாடிகள், கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள்.
வில்லுக்குறியில் உப்புக்காற்று அடித்ததாக நினைத்தேன்.
முன்சீட்டுக்காரர் பிரித்த
ஏத்தங்காய் சிப்ஸ் அது.

தக்கலையில் அமலோற்பவம் ஏறினாள்
(பெயர் பிறகுதான் தெரியும்).
இடுப்பில் அலுமினியச் சருவம்,
மேலே தேக்கிலை.
ஏசுவடியான் ஒன்றும் சொல்லவில்லை,
போய் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தார்.
"ஒரு பொடி நீங்குங்கோ மக்களே"
என் காலருகே சருவத்தைத் தள்ளினாள்.

குளச்சல் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.
என்னைப் பார்த்தாள், வெளியே பார்த்தாள்.
"நான் அங்கேருந்துல்லா வாறேன்.
இது குலசேகரம் போற வண்டி."

பாதி வண்டி திரும்பிப் பார்த்தது.
லகரத்துக்கும் ளகரத்துக்கும் நடுவே
இவ்வளவு பெரிய மலை இருப்பதை
எங்கள் பள்ளியில் யாரும் சொன்னதில்லை.

"இறங்குதீங்களா?" என்றார் ஏசுவடியான்.
"எதிர்வண்டி வர முக்கா மணிக்கூர் ஆவும்."
மழை பிடித்துக்கொண்டது.
இருந்தேன்.

ரப்பர் மரங்கள்
வரிசை வரிசையாய்,
ஒவ்வொன்றும் இடுப்பில் சிரட்டை தாங்கி
மழைக்கு பிளாஸ்டிக் பாவாடை உடுத்தி.
ஒரு வீட்டுக் கொடியில்
ரப்பர் ஷீட்டுகளோடு ஒரு பள்ளிச் சீருடையும்
எடுக்க ஆளில்லாமல் நனைந்தது.
வளைவில் ஒரு பிரேக்.
சருவம் சரிந்து, மீன்தண்ணி முழுதும்
என் ஷூவுக்குள் இறங்கியது.

அமலோற்பவம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
"சாளை வேணுமா? இன்னைக்குப் பிடிச்சது."
லாட்ஜில் அடுப்பு இல்லை என்றேன்.
"பின்னே என்னத்துக்குக் கடலு?"

பதில் தேடுவதற்குள்
"ஏ அமலோற்பவம்" என்று கடைவாசலில் யாரோ கூப்பிட,
சருவத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

ஆறு இருபத்தொன்றுக்கு
சூரியன் எங்கேயோ விழுந்தது.
நான் குலசேகரம் பஸ் ஸ்டாண்டில்
ரசவடை ஊறக் காத்திருந்தேன்.
மழைக்கு ஒதுங்கியவர்களிடம்
இருட்டவே அவசரமில்லை.

திரும்பும்போது அதே வண்டி, அதே ஏசுவடியான்.
"நாகர்கோவில்" என்றேன்,
ஒவ்வொரு எழுத்தாக.
அவர் சிரிக்கவில்லை. எச்சில் தொட்டுச் சீட்டைக் கிழித்தார்.

லாட்ஜில் ஷூவைக் கழற்றி வெளியே வைத்தேன்.
வராந்தா விளக்கின் கீழ்
எங்கிருந்தோ வந்த ஒரு பூனை
அதற்குள் தலையை விட்டு
வெகுநேரம்
வெளியே எடுக்கவேயில்லை.