எடைமேடைச் சாவி

புதுவயலில் முப்பத்தேழு அரிசி ஆலை.
சங்கத்துக்கு ஒரே ஒரு எடைமேடை.
அதன் சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ
அவர்தான் தலைவர்.
விதிப்புத்தகத்தில் அப்படி இல்லை.
விதிப்புத்தகத்தை எழுதியவன் நான், எனக்குத் தெரியும்.

ஒன்பது வருஷமாக ஆத்தப்பன்.
முதலில் சாவிச் சத்தம் வரும்,
அப்புறம் ஜவ்வாது வாசம்,
அப்புறம்தான் அவர்.

இந்த ஐப்பசியில் வெள்ளையப்பன் கிளம்பினார்.
தவிட்டு ஏலத்தில் சங்கம் தின்ற கமிஷனை
ஆலை ஆலையாய்ப் போய் வாசித்தார்.
வாசித்த தாளில் இருந்தது என் கையெழுத்து.
எப்படிப் போனது என்று
இதுவரை என்னை யாரும் கேட்கவில்லை.

இரண்டு பேரும் பங்காளிகள்.
கண்டனூரில் ஒரே வீடு,
இந்தத் தெருவில் நுழைந்தால் அந்தத் தெருவில் வெளியேறலாம்.
தேர்தல் என்றதும் வளவின் குறுக்கே தகரம் அடித்தார்கள்.
பர்மாத் தேக்குத் தூணில் ஆணி இறங்கவில்லை,
சணலால் கட்டினார்கள்.
மழைத்தண்ணீர் மட்டும்
தகரத்துக்கு அடியில் புகுந்து
இரண்டு பங்கிலும் சமமாய் நின்றது.
கிணறு வரை தகரம் எட்டவில்லை.

பிஸ்கட் டின்னில் ஓட்டு.
எண்ணினேன்.
பதினெட்டு. பதினெட்டு.
முப்பத்தேழாவது சீட்டில் பெயரே இல்லை:
'நெல்லு நனையுது, மேடையத் தொறங்கப்பா.'
மீராசா ராவுத்தரின் சாய்ந்த எழுத்து.
செல்லாத ஓட்டு ஒன்று என்று பதிந்தேன்.

"சமம்னா பழைய தலைவர் தொடரணும்."
"சமம்னா பழையவர் தோத்தாச்சு."
இரண்டும் சரியாகப் பட்டது எனக்கு.
சம்பளம் வாங்குகிறவனுக்கு
அப்படித்தான் படும்.

நாலு நாள்.
சாக்கோட்டை சாலை வரை லாரிகள்.
டிரைவர்கள் தார்ப்பாய்க்குக் கீழே சீட்டாடினார்கள்.
சுமை தூக்கும் பஞ்சவர்ணம்
ஒரு மூட்டையைப் பிரித்து ஒரு கைப்பிடி அள்ளிவந்து
என் பேரேட்டின் மேல் கொட்டினாள்.
வெள்ளை வெள்ளையாய் முளை.
"இதுக்கு என்ன ரேட்டு, கணக்குப்பிள்ளை?"
ஈரம் மூன்று பக்கம் ஊறிவிட்டது.
அந்தப் பக்கங்களில் இன்னும் பேனா ஓடாது.

ஐந்தாம் நாள் காலை ஈப்போவிலிருந்து போன்.
கொண்டுவிக்கப் போய்
அறுபது வருஷம் ஊர் திரும்பாத பங்காளி,
சோலையப்பன், தூக்கத்தில் போய்விட்டார்.
முகம் இருவருக்குமே தெரியாது.
ஆனால் தீட்டு வந்துவிட்டது,
இவருக்கு எவ்வளவோ அவருக்கும் அவ்வளவு.
அன்று சாயங்காலம் சங்கத்துக் கோயிலில்
முதல் மாலை யாருக்கு என்று
இரண்டு தரப்பும் ஆள் சேர்த்திருந்தது.
பூக்காரரிடம் ஒரு மாலை போதும்,
சாமிக்கு மட்டும் என்று சொல்லிவிட்டு
கண்டனூருக்குப் போனேன்.

கிணற்றடியில் இருவரும்.
இரண்டு வாளி, இரண்டு கயிறு,
ஒரே தண்ணீர்.
தலையோடு ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.
குளிக்கையில் ஆத்தப்பன் அவிழ்த்து வைத்த சாவி
கைப்பிடிச் சுவரில் கிடந்தது,
இரண்டு வாளிக்கும் நடுவில்.
வெள்ளையப்பன் கை நீட்டினால் எட்டும்.
நீட்டவில்லை.
ஆத்தப்பன் எடுத்து முடிந்துகொள்ளலாம்.
துண்டைப் பிழிந்துகொண்டே இருந்தார்,
சொட்டு நின்ற பிறகும்.

நான் எடுத்தேன்.
எதற்கு என்று இருவரும் கேட்கவில்லை.
"கிழக்கால வழியாப் போ,
மேலவாசல்ல சேறு," என்றார் ஒருவர்.
எவர் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

மேடையைத் திறந்தேன்.
பல்லியொன்று திரையில் முட்டையிட்டிருந்தது.
மின்சாரம் வந்து பூஜ்யம் எரிந்ததும்
ஏறி நின்றேன், சாவியோடு.
அறுபது.
சாவியைப் பஞ்சவர்ணத்திடம் கொடுத்துவிட்டு
மறுபடி நின்றேன்.
அறுபது.

முதல் லாரிக்காரன் ஹாரனில் கை வைத்துவிட்டான்.
"எறங்குய்யா, பின்னால
இருபத்தாறு வண்டி நிக்குது."