காற்றின் கணக்கில்

ட்ரியெஸ்தேவில் கப்புச்சீனோ கேட்டால்
கப்புச்சீனோ வராது.
விரற்கடை உயரக் கோப்பையில்
ஒரே ஒரு மடக்கு வந்தது
நெற்றியில் நுரைப் பொட்டோடு.
தவறு என்றேன்.
சரிதான் என்றாள் ஒந்தீனா,
அடுத்தவருக்குத் தூள் தட்டிக்கொண்டே.
இந்த ஊரில் இதற்குத்தான் அந்தப் பெயராம்.
கறுப்பாக வேண்டுமென்றால் நேரோ.
பால் தொட்டுக்கொண்டால் காப்போ.
அதையே கண்ணாடிக் குவளையில் என்றால் காப்போ இன் பி.
ஊர் எல்லையோடு செல்லாமல் போகும் நாணயங்கள்;
மிலானில் நீட்டினால் சிரிப்பார்கள்.

நான் வந்திருப்பது மொழிபெயர்க்க.
கப்பலில் நனைந்த சரக்கு, காப்பீட்டு வழக்கு,
சாட்சி இன்னும் கடலில்.
மூன்று நாளாக அடிக்கிறது போரா.
மலையிலிருந்து இறங்கி
ஆளையும் குப்பைத் தொட்டியையும் ஒன்றாய்ப் பாவிக்கும் காற்று.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருந்தார்கள்,
மனிதர்கள் பிடித்து நடக்க.

கடலோரச் சதுக்கத்தில் முதல் நாளே ஏமாந்தேன்.
குன்று குன்றாய் ஜெலாத்தோ,
ஒவ்வொரு குன்றிலும் குத்தி வைத்த பழம்.
பிஸ்தா கிளிப்பச்சை.
நாலரை யூரோவுக்கு
நாக்கெல்லாம் சோப்பு.

"குவிந்து நிற்பதை நம்பாதே,
மூடி போட்டதைத் தேடு" என்றாள் ஒந்தீனா.
"பிஸ்தா என்றால் அழுக்காக இருக்கணும்,
வெளுத்துப்போன பட்டாளத்துச் சட்டை மாதிரி."
ரசீதின் பின்புறம் வழி வரைந்தாள்:
மருந்துக்கடை, படிக்கட்டு, இன்னொரு படிக்கட்டு,
பிறகு ஒரு கேள்விக்குறி.

பெயர்ப்பலகை இல்லை.
ஒரு ஜனவரியில் காற்று கொண்டுபோனதை
நெவென்கா திரும்ப மாட்டவில்லை.
உள்ளே வரிசையாய் எஃகு மூடிகள்.
பார்க்கலாமா என்றேன்.
"பார்த்து என்ன செய்யப்போகிறாய்?"
பிஸ்தா நாளைக்குத்தான்.
இன்று ஹேசல்நட் உண்டு, காப்பி உண்டு,
பேச நேரமில்லை.

காப்பி.
முதலில் குளிர்.
அப்புறம் கருகலுக்கு ஒரு நூல் முன்னே நின்ற கசப்பு.
இனிப்பு கடைசியில்தான் வந்தது
கடன் கேட்க வந்தவன் போல
வாசலிலேயே தயங்கித் தயங்கி.

கூம்பை உயர்த்திப் பிடித்துக்கொண்டு
கொஞ்சம் பெருமையோடுதான் வெளியே வந்தேன்.
மூன்றாவது படியில்
காற்று அதைப் பார்த்துவிட்டது.
உருண்டை எழும்பியது, திரும்பியது,
நிறுத்தியிருந்த வெள்ளை பியட்டின் கண்ணாடியில்
அப்பிக்கொண்டு மெல்ல இறங்கியது.
என் கையில் வெறும் கூம்பு, ஒலிபெருக்கி மாதிரி.
கயிற்றைப் பிடித்துப் போன நாலைந்து பேர்
கைதட்ட முடியாத குறையை
சிரித்துத் தீர்த்துக்கொண்டார்கள்.

நெவென்கா கதவருகிலேயே நின்றிருந்தாள்.
ஆச்சரியப்படவில்லை.
இம்முறை கூம்பு தரவில்லை;
காகிதக் கிண்ணம், அதற்கொரு மூடி.
பாதி விலை வாங்கிக்கொண்டாள்.
மீதி?
"போராவின் கணக்கில்."
கல்லாவுக்குப் பின்னே சுவரில்
சாக்கட்டிக் கோடுகள், ஐந்தைந்தாய்க் கட்டியவை.
பதினேழு இருந்தன.
என்னோடு பதினெட்டு.

மூடியைத் திறக்காமல் அறைக்குக் கொண்டுபோய்
கோட்டைக் கழற்றாமல் கட்டில் விளிம்பில் தின்றேன்.
ஜன்னல் இரவெல்லாம் தடதடத்தது,
வரவேண்டிய பாக்கி இருப்பதைப் போல.

நான்காம் நாள் காற்று ஓய்ந்தது, சாட்சி வந்தார்.
பத்தொன்பது மணி நேரம் விழித்திருந்த கண்கள்,
பெயர் அருளப்பன், சமையல் உதவியாள்.
வழக்கறிஞர் வருமுன்
ஒரு காப்பி குடிக்கலாமா என்றார்.
ஒந்தீனாவிடம் கூட்டிப்போனேன்.
"நல்ல பெரிய கப்புல,
நிறையப் பாலு விட்டு,
அதான், கப்புச்சீனோ" என்றார்.

ஒந்தீனா என்னைப் பார்த்தாள்.
சத்தியப் பிரமாணம் எடுத்தவன் நான்;
கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.
ஆனால் பெரிய கப் என்பதை மட்டும்
அந்தச் சத்தத்தில் நான் கேட்கவில்லை.

"கப்புச்சீனோ" என்றேன்.