உடன்

டப்ளின் விமான நிலையத்தில் வரிசைகள் இரண்டு.
அவனுடையது, நடந்துகொண்டே கடந்துவிடுவது.
என்னுடையது
கைக்குழந்தைகளும் பிளாஸ்டிக் உறைக்குள் காகிதங்களுமாக
நின்று நின்று ஊர்வது.

வழக்கமாக அவன் வரிசையில் சேர்ந்தே நிற்போம்,
சட்டத்தில் இடமுண்டு.
இன்று நிற்கவில்லை.
இரண்டேகால் மணி நேரப் பறத்தலில்
இரண்டு மணி நேரம் சண்டை.

சண்டை இதுதான்.
கோபன்ஹேகனில் இவனைக் கட்டிக்கொண்டபோது
இவன் நாடு சொன்னது: பிணைப்பு போதாது.
அந்த அலுவலகத்தில் ஒரு தராசு இருந்திருக்க வேண்டும்.
ஒரு தட்டில் உலான்பாதரில் என் அக்காவின் இரண்டு அறைகள்,
பனிக்காலத்து நிலக்கரிப் புகை.
மறு தட்டில் தோர்கில்.
தோர்கில் எழுபத்தெட்டுக் கிலோ.
போதவில்லை.

பாலம் தாண்டி மால்மோவுக்குக் குடிபோனோம்.
தண்ணீருக்கு அந்தப் பக்கம்
அவனும் அந்நியன் ஆனான்.
ஆன மறுநாளே அவனுக்கு ஓர் உரிமை முளைத்தது,
பெண்டாட்டியோடு வாழும் உரிமை.
சிரிக்காதீர்கள், அப்படித்தான் எழுதியிருக்கிறது.
சொந்த வீட்டில் இல்லையென்ற சோற்றை
பக்கத்து வீட்டில் தட்டுப் போட்டுத் தந்தார்கள்.

ஆறு வருடம்.
விடியலில் பாலமேறிப் போய்
காஸ்ட்ரப்பில் விமானங்களிலிருந்து பெட்டி இறக்கினான்.
எந்தப் பெட்டியிடமும் யாரும்
ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை என்பான், அங்கியைக் கழற்றியபடி.
நான் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்புகள் மடித்தேன்.
ஸ்வீடிஷில் எண்ணக் கற்றேன், பிறகு திட்ட.
பால்கனியில் ஒரு வாளியில் ருபார்ப் வளர்கிறது.

இன்று காபி வண்டி வரும் நேரம் பார்த்துச் சொல்கிறான்:
"இனி திரும்பிப் போகலாம், ஓயூன்.
இங்கே இத்தனை நாள் இருந்தாயிற்று, சட்டம் விட்டுவிடும்.
அம்மா மாடியைக் காலி செய்து வைத்திருக்கிறாள்."
"விடும். கூப்பிடுமா?" என்றேன்.
அதற்குப் பிறகு பேசியவை எழுதத் தக்கவையல்ல.
இறங்கியதும் வேகமாக நடந்தான்.
நான் வேகமாக நடக்கவில்லை.

கண்ணாடிக் கூண்டுக்காரி
என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.
விசா இல்லையே?
வேண்டியதில்லை. பத்தாவது பிரிவு.
மனப்பாடமாகச் சொல்கிறேன், பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதுபோல.
கல்யாணச் சான்றிதழை நீட்டுகிறேன்,
மூன்று மொழியில்,
ஒரு மூலையில் எண்ணெய்க் கறையோடு.
அதைத் தொடவில்லை அவள்.
கணவருடன் வந்தால்தான் இது செல்லும், என்கிறாள்.
உங்களுடன் இருக்கிறாரா?

உடன்.

அந்த ஒரு சொல்லில்தான் நான் கண்டம் கடக்கிறேன்.
உடன்பாடு அதில் முளைத்ததுதான்.
உடனே என்பதும் அதுதான் என்பார்கள்,
எந்த அலுவலகத்திலும் நான் பார்த்ததில்லை.
எந்த அர்த்தத்தில் கேட்கிறீர்கள் என்று கேட்க
என் ஆங்கிலம் போதாது.
கையை நீட்டிக் காட்டினேன்.

தடுப்புக்கு அப்பால்
பெட்டிகள் சுற்றும் இடத்தில் நிற்கிறான்,
கையில் என் பச்சைக் கோட்டு.
மேல் தட்டிலிருந்து எப்போது எடுத்தான்,
கோபத்திலா, பழக்கத்திலா,
தெரியவில்லை.

கூப்பிட்டார்கள்.
வந்திறங்கிய கூட்டம் முழுதும் ஒரு திசையில் போக
அவன் மட்டும் எதிரே,
தோள் இடிபட்டு, மன்னிப்புக் கேட்டு, மறுபடி இடிபட்டு.

"இவர் உங்களுடன் வந்தவரா?"

என்னைப் பார்த்தான்.
வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு குழந்தை அழத் தொடங்கி
நிறுத்தும் வரை பார்த்தான்.
"இல்லை. நான்தான் இவளுடன் வந்தவன்."

கூண்டுக்காரியின் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை போலும்.
கொஞ்சம் யோசித்தாள்.
அட்டையைத் திருப்பித் தந்து
அடுத்தவர் என்றாள்.

எங்கள் பெட்டி மூன்றாம் சுற்றில் வந்தது.
தூக்கும் வேலை அவனுடையது, தூக்கினான்.
மாடியைப் பற்றி அவனும் பேசவில்லை,
வாளியைப் பற்றி நானும்.
வாசலில் கோட்டை விரித்துப் பிடித்தான்.
கைகளை நுழைத்துக்கொண்டேன்.

சமாதானம் என்று நினைத்துவிடாதீர்கள்.
வெளியே குளிர்.