நாற்பத்தொன்று

மூவாயிரத்து எழுநூறு மீட்டர்.
காற்றுக்கு இங்கே வேலை அதிகம், தடுக்க ஆளில்லை.
முர்காபிலிருந்து கிழக்கே இரண்டரை மணி நேரம்
ஜீப்பின் எலும்புகளை எண்ணிக்கொண்டே வந்தோம்.
மடியில் கோரோக் அலுவலகம் கொடுத்த படிவம்:
நீர், மண், தாவரம், விலங்கு, இதர வளங்கள்.
இருப்பதில் பெரிய கட்டம் 'இதர'வுக்குத்தான்.

நான்கு முளை, ஒரு நைலான் கயிறு,
பத்துக்குப் பத்து மீட்டர் நிலம்.
அதற்குள் நின்ற தெரெஸ்கென் செடிகளுக்கு
ஒவ்வொன்றாய்ச் சிவப்பு நாடா கட்டினேன்.
முழங்கால் உயரம், சாம்பல் படிந்த பச்சை.
மேலே தெரிவது வெறும் சாக்கு.
செடி என்பது கீழே,
என் மணிக்கட்டுத் தடிமனில்,
வருஷத்துக்கு ஒரு நூலிழை பருத்து.

நாற்பத்தொன்று.

எனக்கு முன் வந்தவர் நூற்றுப் பதினாறு என்று எழுதியிருந்தார்.
திரும்ப எண்ணினேன்.
அவர் கையெழுத்து அச்சு மாதிரி,
அதன்மேல் பழிபோட வழியில்லை.

பனியாறு எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்று
ஓட்டுநர் தொலொன்பாயைக் கேட்டேன்.
"அப்பா ஆடு கட்டின பாறையிலிருந்து
ஒரு சிகரெட் தீரும் தூரம்."
கட்டம் மீட்டரில் கேட்கிறது.
இன்னொரு சிகரெட் பற்றவைத்துக் கொடுத்து
அவரை நடக்கவிட்டு, பின்னாலேயே நாடா பிடித்து அளந்தேன்.
இருநூற்று எழுபது.
காற்று பாதியைக் குடித்துவிட்டது என்றார்.

விலங்கு:
ஓநாய் மிச்சம் வைத்த ஒரு சுருள் கொம்பு,
சுருளுக்குள் பழைய பனி.
உயிரோடு பார்த்தது ஒரு மர்மோட் மட்டும்.
எழுந்து நின்று எங்களை எண்ணியது,
இரண்டு, என்று முடிவு செய்து உள்ளே போய்விட்டது.

மறுநாள் மாலை உல்கானின் வீடு.
பாலும் உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீர்,
மேலே மிதக்கும் ரொட்டித் துண்டு.
அடுப்பு அப்படிச் சிவந்து நின்றது,
இரண்டு நாளில் முதல்முறையாக
எனக்குக் காது இருப்பது தெரிந்தது.

"முன்னே ஓஷிலிருந்து லாரியில் நிலக்கரி வரும்" என்றாள்.
"அப்போது எரித்தது வேறு யாருடைய மலையையோ."
சாணி இருக்கிறதே என்றேன்.
சிரித்தாள்.
"எங்கள் யாக் எதைத் தின்று சாணி போடுகிறது, சொல்."
கோரோக்கில் என் வீட்டு ஹீட்டர்
பொத்தானை அமுக்கினால் சிவக்கும்.
அதைச் சொல்லவில்லை.

அவள் மகள் பெர்மெத், ஆறு வயது,
ரொட்டிக்குக் கை நீட்டியபோது பார்த்தேன்.
பின்னலின் நுனியில்
என் சிவப்பு நாடா.

"நல்ல வேலை செய்தீர்கள்" என்றான் அண்ணன்காரன் எர்மெக்,
பூட்ஸில் இன்னும் புதுமண்.
"தூரத்திலிருந்தே தெரிந்தது. தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.
ஒன்றுதான் எடுத்தேன், விருந்தாளி வந்திருக்கிறாரே என்று."

அடுப்புக்குள் வேர் ஒருமுறை வெடித்தது.
கிண்ணம் காலியானதும் உல்கான் மறுபடி ஊற்றினாள்.
வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடம் அது.
இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

காலையில் கயிற்றைச் சுருட்டினேன்.
மிச்ச நாடாக்களைக் குனிந்து குனிந்து அவிழ்த்தேன்,
இடுப்பு விட்டுப்போயிற்று.
தொலொன்பாய் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.
படிவத்தில் அடித்து எழுதியது: நாற்பது.
'இதர'வில் பேனா முனையை வைத்தேன்,
மை உறைந்திருந்தது.
அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு
வண்டியில் ஏறினேன்.