இருபது அடி இருட்டு

முன்னாலிருந்து போட்டால் திரையில் தலைகள் விழும்.
தோளேறிய பிள்ளைகள், பஞ்சுமிட்டாய்க் கழி,
செல்போனைத் தூக்கிப் பிடித்த நூறு கை.
அதனால் பின்னாலிருந்து போடுகிறோம்.
தெப்பக்குளம் கீழ்க்கரையில்
பன்னிரண்டுக்கு ஒன்பது திரை,
அதன் முதுகுக்குப் பின் இருபது அடி இருட்டு,
இருட்டைச் சுற்றித் தார்ப்பாய்.
உள்ளே புரொஜெக்டரும் நானும்.

துணி இல்லை இது.
ஆறிய கஞ்சியில் படியும் ஆடை மாதிரி ஒரு சாம்பல் தாள்.
வெளிச்சத்தை அந்தப் பக்கம் விடும்,
பல்பைக் காட்டிக்கொடுக்காது.
நேர் நடுவில் நின்றால் மட்டும்
ஒரு வெள்ளைக் கொப்புளம் கண்ணைக் குத்தும்.
அந்த இடத்தில் ஐஸ் வண்டியை
நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

மெனுவில் 'பின்புறம்' என்று ஒரு வரி உண்டு.
அதை அமுக்கினால்தான் இடம் வலம் மாறி
ஊருக்கு நேராகத் தெரியும்.
போன மாதம் ஒத்தக்கடைக் கல்யாணத்தில் மறந்துவிட்டேன்.
மணப்பெண் மாப்பிள்ளைக்குப் பக்கம் மாறி உட்கார்ந்திருந்தாள்
ஒன்றரை மணி நேரம்.
பாக்கி ஆயிரத்து ஐந்நூறு இன்னும் வரவில்லை.

ஊருக்கு நேர் என்றால் எனக்குத் தலைகீழ்,
இல்லை, பக்கக்கீழ்.
அதற்கு ஒரு சொல் இருந்தால் சொல்லுங்கள்.
தெப்பம் எனக்கு எதிர்வாக்கில் சுற்றுகிறது.
நகைக்கடை விளம்பரத்தில்
கொம்பு எழுத்துக்குப் பின்னால் போகிறது,
கால் முன்னால் வந்து நிற்கிறது.
படிக்கப் பழகிவிட்டது.
வீட்டில் பால் கணக்கைத்தான் சில சமயம்
வலமிருந்து கூட்டுகிறேன்.

எட்டரைக்குப் போலீஸ் உதவி மையத்திலிருந்து ஒரு போட்டோ.
லிங்கேஸ்வரன், ஆறு வயது, அனுப்பானடி, மஞ்சள் சட்டை.
தெப்பத்தை நிறுத்திவிட்டுப் பையனைப் போட்டேன்.
இடது கன்னத்தில் பாசிப்பயறு மச்சம்,
திரையில் பணியாரத் தட்டு.

தார்ப்பாயின் அடிப்பக்கம் தூக்கியது.
ஒரு மஞ்சள் சட்டை தவழ்ந்து வந்து எழுந்து
நேரே லென்ஸுக்கு முன்னால் நின்றது.
"எவன்டா அது, தள்ளுடா!"
கரை முழுக்கக் கத்தியது.
திரையில் முகம் இல்லை, பையன் இல்லை,
வானத்தை அடைத்த ஒரு கறுப்பு.

அவன் திரையைப் பார்த்து நடந்தான்.
நடக்க நடக்கச் சிறுத்தான்.
முதலில் கோபுரம்,
பிறகு பனை,
பிறகு போலீஸ்காரர்.
கை வைத்துத் தொட்டபோது
சரியாக ஆறு வயது.

"டேய், இது யாருன்னு தெரியுதா?"
"நாந்தான்."
"எப்படிச் சொல்ற?"
"கண்ணாடில இப்படித்தான் இருப்பேன்."

யோசித்துப் பார்த்தேன்.
அவன் முகத்தை அவனுக்குத் தெரிந்த மாதிரி பார்க்க
அந்த மைதானத்திலேயே இந்தப் பக்கம்தான் சரியான இடம்.
முகம் கழுவி விடுகிறவளுக்கு
அந்தப் பக்கம்.

அந்தப் பக்கத்திலிருந்து திரை குழிந்தது.
ஒரு பெரிய உள்ளங்கை,
ஐந்து விரலும் விரிந்து, சின்னக் கையைத் தேடி.
நான் கத்தினேன்:
"அம்மா, கை வைக்காதீங்க, கறை போகாது!"
அதைத்தான் கத்தினேன். வேறெதுவும் தோன்றவில்லை.

அவள் தார்ப்பாயைச் சுற்றி ஓடி வந்து
முதலில் ஓங்கி ஒன்று வைத்தாள்.
பிறகு தூக்கினாள்.
மச்சம் அவள் தோளில் அழுந்தியது.
நான் மறுபடி தெப்பத்தைப் போட்டேன்.

மறுநாள் ஸ்பிரிட்டும் மென்துணியும் வாங்கித் துடைத்தும்
இரண்டு கறை நின்றுவிட்டது,
என் பக்கம் சின்னது, அந்தப் பக்கம் பெரியது.
ஒன்றின் மேல் ஒன்று விழவில்லை,
விரற்கடை தள்ளி இருக்கிறது.
ஓனர் சம்பளத்தில் முந்நூறு பிடித்தார்.

நேற்று மேலூரில் கட்சிக் கூட்டம்.
தலைவர் பேசப் பேச
அது அவர் கன்னத்தில் ஏறி இறங்கியது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
எந்தக் கன்னம் என்று கேட்டால்
நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று கேட்பேன்.